காளவாய் ஸ்டேஷனும் வண்டி துரத்தும் நாயும்

அந்தக் காலத்தில் நாயும் பேசும், ரயிலும் பேசும். பட்டணத்துக் காளவாய் ஸ்டேஷனில் செவலை என்றொரு நாய் இருந்தது. விடிந்து ஆறு மணி வண்டி தூரத்தில் வரும்போதே, "எய்ந்திரிங்க, வண்டி வந்துச்சு" என்று குரல் கொடுக்கும். பிளாட்பாரத்தில் கூடைமேல் சாய்ந்து தூங்கும் நாற்பது வியாபாரப் பெண்களும் எழுந்து, மீனும் கீரையும் பூவுமாக கூடைக்காரர்களுக்கான வெண்டர் பெட்டியில் ஏறுவார்கள். அவர்களில் மீன்காரி தேசம்மாள் தினமும் செவலைக்கு ஒரு மத்தி போடாமல் ஏறமாட்டாள்.

ஒருநாள், எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண ஓர் அதிகாரி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தார். வண்டி போனதும் "மூன்று பேர்" என்று எழுதினார்.

செவலைக்குத் தூக்கிவாரிப்போட்டது. "இன்னா சாரே, நாப்பது பொம்பளைங்க ஏறுனாங்களே?"

"அதெல்லாம் கூடை. சரக்குல சேரும்."

"கூடைக்குக் கீழ தலை இருந்துச்சே, அத்தப் பாக்கலியா?"

"நாய் வந்து எனக்கு வேலை சொல்லித் தர வேணாம்" என்று அதிகாரி கிளம்பிவிட்டார்.

என்ன அநியாயம்! மாதம் தவறாமல் சீசன் டிக்கெட் எடுத்தவர்களைச் சரக்கு என்று எழுத அந்த மனிதருக்கு எப்படித்தான் கை வந்ததோ. மூன்று பேருக்கு ஒரு ஸ்டேஷனா என்று மேலிடம் காளவாயை மூடிவிட்டது. பெண்களிடம் யாரும் சொல்லவில்லை. சரக்கிடம் யார் சொல்வார்கள்?

மறுநாள் செவலை குரல் கொடுத்தது. நாற்பது பேரும் கூடையோடு எழுந்து நின்றார்கள். வண்டி வேகத்தைக் குறைக்கவே இல்லை.

"ஐயோ, மீனு நாறிப்பூடுமே. மார்க்கெட்டுக்கு எப்புடிப் போவேன்?" என்றாள் தேசம்மாள்.

செவலை ரயிலோடு ஓடியது. "நில்லு, எங்காளுங்க இன்னும் ஏறல."

"நிற்க எனக்கு உத்தரவில்லை" என்றது ரயில்.

"நேத்து வரைக்கும் நின்னியே, வெக்கமா இல்ல?"

ரயில் ஊதிக்கொண்டே ஓடியது. செவலையும் விடவில்லை. "நில்லு, நில்லு" என்று அடுத்த ஸ்டேஷன்வரை கத்திக்கொண்டு ஓடியதில் அதன் தொண்டை கிழிந்து, பேச்சு போய், குரைப்பு மட்டும்தான் மிஞ்சியது.

அன்று பிடித்த கோபம்தான், நாய்க் குலத்துக்கு இன்னும் தீரவில்லை. ஸ்கூட்டரோ ஆட்டோவோ, தாண்டிப் போகும் எந்த வண்டியையும் துரத்துகிறது. வண்டி நின்றுவிட்டால் ஒன்றும் செய்வதில்லை. யாராவது ஏற வருகிறார்களா என்று ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்விடுகிறது.