பொங்கலுக்குப் போட்ட துண்டு

"அம்மா, பொங்கலை எடுத்துக்கிட்டாங்க."

பேருந்து நிலையத்தில் தம் குருவைத் தேடிப் பிடித்து அருளப்பன் முறையிட்டார். அவர் படத் தயாரிப்பாளர். தமக்குத் திரைத்தொழில் கற்பித்த பதுமாவதி அம்மையாரைக் கேளாமல் எந்த முடிவும் எடுத்தறியாதவர்.

"யாரு எடுத்துக்கிட்டது?"

"பெரிய நடிகர்மா. பொங்கல் வெளியீடுன்னு ஊரெல்லாம் போஸ்டர்."

"படம் எப்படி?"

"இன்னும் பாதிகூட எடுக்கலையாம்."

"உன் படம்?"

"சென்சார் முடிஞ்சு தயாரா இருக்கு. மார்ச்சுக்குத் தள்ளிப் போங்கன்னு விநியோகஸ்தர் சொல்றார். தீபாவளிக்கும் இதே ஆளுக்குப் பயந்துதான் தள்ளினேன். மார்ச்ல பரீட்சை, அது முடிஞ்சா கிரிக்கெட். இன்னொரு தடவை தள்ளினா படம் பெட்டியிலேயே செத்துடும்மா."

அம்மையார் வந்து நின்ற பேருந்தில் ஏறினார். அருளப்பனும் பின்னாலேயே ஏறினார்.

உள்ளே மூச்சுத் திணறும் கூட்டம். ஆயினும் முன்புறத்தில் இருவர் அமரும் இருக்கையொன்று காலியாக இருந்தது. அதன் குறுக்கே, ஜன்னல் வழியே யாரோ வீசிவிட்டுப் போன துண்டு. சுற்றிலும் கம்பியைப் பிடித்தபடி மனிதர்கள்.

வண்டி புறப்பட்டது. அடுத்த நிறுத்தமும் கடந்தது.

"உட்காரேன்பா," என்றார் அம்மையார்.

"ஆள் இருக்காங்கம்மா."

"எங்கே?"

"துண்டு இருக்கே."

நின்றிருந்த ஒருவர் ஒத்து ஊதினார். "பெரிய இடத்துத் துண்டுங்க. ஓரத்துல ஜரிகையைப் பாருங்க."

"அது இன்னும் டிக்கெட் எடுக்கலை," என்று சொல்லிக்கொண்டே நடத்துநர் நகர்ந்தார்.

சிலர் சிரித்தார்கள். ஒருவரும் அமரவில்லை. ஏறாத மனிதனுக்கு எழுந்து நிற்பதைத்தான் மரியாதை என்று நாம் பழகி வைத்திருக்கிறோம்.

அம்மையார் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அருளப்பன் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு அதை எடுத்தார். உதறினார். ஒழுங்காக மடித்து மேல்கம்பியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் அமர்ந்தார். ஜரிகையைப் புகழ்ந்தவர் முந்துவதற்குள் அம்மையார் பக்கத்தில் அமர்ந்துவிட்டார்.

"துண்டுக்காரர் வந்து சத்தம் போட்டா?" என்று அம்மையார் கேட்டார்.

அருளப்பன் வாய் திறப்பதற்குள் கைபேசி ஒலித்தது. விநியோகஸ்தர்.

"மார்ச்னு அறிவிச்சிடலாமா சார்?"

"பொங்கல்."

"சார், பெரியவர் படம் வருதே."

"வரட்டும். நான் எழுந்திருக்க மாட்டேன்."