முறம் அளவு சுவர்

ராஜாக்கள் தாங்கள் ஜெயித்த போர்களை எல்லாம் சுவரில் வரைந்து வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது, கேளுங்கள். தோற்ற போர்களை வரையச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து அரண்மனை ஒன்றில் சேந்தன் என்று ஓர் ஓவியன் இருந்தான்.

பன்னிரண்டு வருஷம் அவன் அரண்மனைச் சித்திரக்கூடத்தில் வேலை பார்த்தான். முரசு அடித்தால் எழுந்தான். முரசு அடித்தால் தூரிகை எடுத்தான். முரசு அடித்தால் சாப்பிட்டான். ராஜாவையும் யானையையும் தலைமை ஓவியர் மாறனார் வரைவார். சேந்தனுக்குக் கிடைத்தது மரங்களின் இலை. பன்னிரண்டு வருஷமும் இலை. ஒரு நாள், "இனிமே என் இஷ்டத்துக்குத்தான் வரைவேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டான்.

நல்ல நேரம், பெருவழியில் வணிகர்கள் புதிதாகச் சத்திரம் கட்டியிருந்தார்கள். அதன் கூடத்துச் சுவரை அவனிடம் கொடுத்தார்கள். யானைக் கூட்டம் ஆற்றைக் கடக்கும் படம் வேண்டும், தைப்பூசத்துக்குள் முடிய வேண்டும். முடியாவிட்டால் சுவர் மாறனார் கைக்குப் போகும். பின்னாலேயே சேந்தனும் போக வேண்டியதுதான், இலை வரைய.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அப்போதெல்லாம் ஈரச் சாந்தின் மேல்தான் படம் எழுதுவார்கள். ஈரத்தில் வைத்த நிறம் சுவரோடு சுவராகிவிடும். காய்ந்த பிறகு வைத்த நிறம் துணியால் துடைத்தால் வந்துவிடும். காலையில் பூசிய சாந்து மாலைக்குள் இறுகிப்போகும். சத்திரத்துக்குச் சாந்து பூச வந்தவள் நீலி. மாதக்கணக்கில் ஊறிய சுண்ணாம்பைக் கடுக்காய் நீர் விட்டுத் தானே அரைத்து வைத்திருந்தாள். வாய் கொஞ்சம் நீளம், கை சுத்தம்.

முதல் முறை, நீலி இரண்டு ஆட்களோடு விடியலிலேயே சுவர் முழுவதும் பூசி முடித்தாள். சேந்தன் பார்த்தான். கைவசம் இருந்த காவி அவனுக்குப் பிடிக்கவில்லை. இதைவிட நல்ல காவிக்கல் மலையடிவாரத்தில் கிடைக்கும் என்று கிளம்பிப் போனான். கல்லோடு திரும்பியபோது சுவர் காய்ந்திருந்தது. நீலி சாந்தைச் சுரண்டி எடுத்தாள்.

இரண்டாம் முறை நிறமெல்லாம் தயார். ஆனால் சேந்தனுக்கு மனம் கூடி வரவில்லை. மனம் இல்லாமல் வரையலாமா, அரண்மனையை விட்டு வந்ததே அதற்குத்தானே என்று மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மனம் வந்ததோ இல்லையோ, மாலை வந்துவிட்டது. நீலி முணுமுணுத்துக்கொண்டே சுரண்டினாள்.

மூன்றாம் முறை அவனுக்கு வெறி பிடித்தது. ஒரே நாளில் முடித்துவிடுகிறேன் என்று சோறு தண்ணீர் இல்லாமல் வரைந்தான். பாதிச் சுவர் முடிவதற்குள் சாந்து இறுகிவிட்டது. அப்படியும் விடாமல் காய்ந்த சாந்தில் எழுதிய யானைகள் மறுநாள் துணியோடு வந்துவிட்டன. ஈரத்தில் எழுதிய யானை நின்றது, மூன்று காலோடு.

அப்போது தைப்பூசத்துக்கு நாற்பது நாள் இருந்தது. சாந்து ஒரே ஒரு சுவருக்குத்தான் மிச்சம். நீலி கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஓவியரே, இனிமே முழுச் சுவரையும் பூச மாட்டேன். காலையில வருவேன். ஒரு முறம் அகலத்துக்குப் பூசுவேன், அவ்வளவுதான். சாயங்காலம் அதுல படம் இருந்தா மறுநாளும் வருவேன். வெறுஞ்சுவராக் கிடந்துச்சு, நான் வேற ஊருக்குக் கிணறு பூசப் போயிடுவேன்."

"முறம் அளவுல யானைக்குக் காதுகூட வராதே, நீலி."

"பாதிக் காது வரும்ல? அதை வரையும்."

சேந்தனுக்கு அவமானமாக இருந்தது. ஆனாலும் அன்று பாதிக் காது வரைந்தான். மறுநாள் மீதிக் காது. அதற்கடுத்த நாள் நெற்றி. நிறம் போதாத நாளில், இருந்த நிறத்தில் எது வருமோ அதை வரைந்தான். காய்ச்சல் வந்த நாளில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வரைந்தான். மனம் வராத நாளில் மனம் வராமலே வரைந்தான். சில நாள் உச்சிக்கு முன்பே முடிந்துவிடும், இன்னொரு முறம் பூசச் சொல்லிக் கெஞ்சுவான். நீலி மசிய மாட்டாள். "நாளைக்கும் நாள் இருக்கு" என்று போய்விடுவாள்.

முப்பத்தெட்டாம் நாள் சுவர் நிறைந்தது.

வணிகர்கள் பார்க்க வந்தார்கள். அழையாமலே மாறனாரும் வந்தார். "மேல ஆள் நிக்காம ஒருத்தன் நாள் தவறாம ஒழுங்கா வேலை செஞ்சிருக்க முடியாது. மனசில்லாம வரைஞ்ச இடம் தனியாத் தெரியும். நான் காட்டறேன். காட்டிட்டா சுவரை என்கிட்ட கொடுத்திடணும்" என்றார். வணிகர்கள் தலையாட்டினார்கள். சேந்தன் சுவரை விட்டுத் தள்ளி நின்றுகொண்டான். மனமில்லாத நாட்கள் எத்தனை என்று அவனுக்குத்தானே தெரியும்?

மாறனார் இடப்பக்கமிருந்து பார்த்தார், வலப்பக்கமிருந்து பார்த்தார், விளக்கைக் கிட்டே பிடித்துப் பார்த்தார். கொம்பன் யானையின் கண்ணைத் தொட்டார். "இது மட்டும் மனசு நிறைஞ்சு எழுதினது. ஒத்துக்கறேன்."

நீலி சிரித்துவிட்டாள். "அன்னைக்கு இவருக்குக் காய்ச்சல். என்னையும் சேத்துத் திட்டிக்கிட்டே வரைஞ்சாருங்க."

மாறனார் ஆற்றோரத்து நாணலைக் காட்டினார். "இது கடனேன்னு எழுதினது."

இம்முறை சேந்தன் முகம் சிவந்தது. "ஐயா, அன்னைக்குத்தான் நான் பாடிக்கிட்டே வரைஞ்சேன். இதைவிட நல்லா என்னால எழுத முடியாதுன்னு நினைச்சேன்."

மாறனார் மூன்றாவது முறையாக விரலைத் தூக்கினார். தூக்கிய விரல் எங்கே போவதென்று தெரியாமல் கீழே இறங்கியது. "சரி, நீயே காட்டு. எது மனசில்லாம எழுதினது?"

சேந்தன் விளக்கை வாங்கிக்கொண்டு சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தான். அந்த நாட்களை அவன் மறக்கவில்லை. ஆனால் சுவரில் தேடினால் யானைகள்தான் இருந்தன. "எனக்கே தெரியலைங்க ஐயா" என்றான். சொல்லும்போது அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

வணிகர்கள் எதிர்ச்சுவரையும் அவனுக்கே கொடுத்தார்கள்.

தன் வேலைக்குத் தானே எஜமானாக இருப்பவர், மனம் கூடினாலும் கூடாவிட்டாலும், அன்றைய பங்கை அன்றே செய்து முடிக்க வேண்டும்.