முள்ளி சொல்லாமல் விட்டது

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில் முள்ளி என்ற முள்ளம்பன்றி இருந்தது, குழந்தைகளே. அதைவிட விவரமான பிராணி அந்தக் காட்டிலேயே இல்லை என்று பேர். எந்தச் சுனையில் குடிக்கலாம், எந்தக் காயைத் தின்னலாம் என்று எல்லாரும் முள்ளியிடம்தான் வந்து கேட்பார்கள். "என்னை யாராலும் ஏய்க்க முடியாது" என்று அதுவும் முள்ளைச் சிலிர்த்துக்கொள்ளும்.

முள்ளியின் கணவன் கூரன். வேடன் வைத்த பொறியில் சிக்கி அதன் பின்னங்கால் நசுங்கிவிட்டது. வளையை விட்டு நகர முடியாத கூரனுக்குப் பொழுது போகவேண்டுமே என்று, முள்ளி ஒரு படப்பெட்டி வாங்கிவந்து டிவியில் செருகியது. உள்ளங்கை அளவுதான் பெட்டி. ஆனால் எந்த நாட்டுப் படமும், எந்தக் காட்டுப் பந்தயமும் அதில் ஓடும்.

ஒரு நாள் மத்தியானம், மான்களின் ஓட்டப் பந்தயம் முடியப்போகும் நேரத்தில் படம் நின்றுவிட்டது. திரையில் 'இணைப்பு இல்லை' என்று ஒரே ஒரு வரி.

"ஐயோ, என்ன ஆச்சு பார், முள்ளி!" என்று கூரன் பதறியது.

பெட்டியோடு வந்த தாளைக் கரையான் அரித்துவிட்டிருந்தது. முள்ளி போனில் 'படப்பெட்டி உதவி' என்று தேடியது. முதலில் வந்த எண்ணைக் கூப்பிட்டது. அந்த எண்ணை அங்கே போட்டு வைத்திருந்தது ஒரு மரநாய்.

"வணக்கம் அம்மா! படப்பெட்டி உதவி மையம்" என்று தேனாகப் பேசியது மரநாய்.

"படம் நின்றுவிட்டது."

"இதோ பார்க்கிறேன்... அடடா! பெட்டிக்குள் கிருமி புகுந்திருக்கிறதே! இப்போதே விரட்டாவிட்டால் டிவியும் போனும் சேர்ந்து போய்விடும், அம்மா."

"செலவு ஆகுமா?"

"ஒரே ஒரு கிழங்கு. அதுவும் நாளைக்கே திரும்பி வந்துவிடும். உங்கள் கிழங்கெல்லாம் யானையார் கிடங்கில்தானே? உங்கள் போனுக்கு ஒரு ரகசிய எண் வரும். அதை மட்டும் சொல்லுங்கள்."

கோடைக்கென்று இரண்டும் சேர்த்த கிழங்கு முழுவதும் யானையின் கிடங்கில்தான் இருந்தது. கிடங்கிலிருந்து போனுக்கு வரும் ரகசிய எண்ணைச் சொன்னால்தான் யானை அதை எடுத்துத் தரும்.

எண் வந்தது. முள்ளி தயங்கியது. "இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று கீழே போட்டிருக்கிறதே?"

"பார்த்தீர்களா! விவரமானவர்கள் கேட்கிற கேள்வியே தனி" என்றது மரநாய். "திருடர்களுக்குச் சொல்லக்கூடாது என்றுதான் அப்படிப் போட்டிருக்கிறார்கள். நாங்கள் உதவி மையம் அல்லவா?"

முள்ளிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எண்ணைச் சொல்லிவிட்டது. உடனே மரநாய் போனை வைத்துவிட்டது.

"முள்ளி, இங்கே பார்" என்றது கூரன். "பெட்டியின் ஒயர் கழன்றிருக்கிறது. அவ்வளவுதான்." எட்டி அழுத்தியது. படம் ஓடத் தொடங்கியது.

கிருமி என்றது பொய் என்று புரிந்ததும் முள்ளி கிடங்குக்கு ஓடியது.

"இப்போதுதான் மரநாய் வண்டியோடு வந்து ஏற்றிக்கொண்டு போனது" என்றது யானை.

"எல்லாவற்றையுமா?"

"எல்லாவற்றையும்தான். சரியான எண்ணைச் சொன்னது. அந்த எண்ணை அதற்குக் கொடுத்தது நீதானே? நான் என்ன செய்ய?"

முள்ளி அழுதுகொண்டே திரும்பியது. பாறைமேல் படுத்திருந்த உடும்பு தலையைத் தூக்கிப் பார்த்தது. அது வாய் திறக்காத அழுத்தக்காரப் பிராணி.

"மரநாயா?" என்று கேட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"போன மாதம் நான் சேர்த்து வைத்ததும் அப்படித்தான் போயிற்று."

"பாவி! அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் தப்பித்திருப்பேனே!"

"சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். இப்போது நீ போய்ச் சொல்லேன், பார்க்கலாம்" என்று உடும்பு பாறையிடுக்கில் நுழைந்துகொண்டது.

முள்ளி கூரனிடம்கூடச் சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்துப் பக்கத்துப் புதர் முயல் வந்தது. வெகுளியான பிராணி. ஐந்து குட்டிகள் அதற்கு.

"அக்கா, எங்கள் படப்பெட்டி நின்றுவிட்டது. போனில் ஓர் உதவி எண் கிடைத்தது. கூப்பிடலாமா? உங்களைக் கேட்காமல் நான் எதையும் செய்வதில்லையே" என்று போனை நீட்டியது.

அதே எண்.

சொல்லிவிடலாம் என்றுதான் முள்ளி வாயைத் திறந்தது. ஆனால் 'முள்ளியே ஏமாந்துவிட்டதாம்!' என்று பொழுது சாய்வதற்குள் காடு முழுவதும் சிரிப்பது அதன் காதில் கேட்டது.

"எனக்கு இதெல்லாம் தெரியாது, அம்மா. உன் இஷ்டம்" என்றது.

"நீங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லையே, அது போதும் அக்கா!" என்று முயல் துள்ளிக்கொண்டு போனது.

கோடை வந்தது. புல் கருகியது. முள்ளி தொலைவிலெல்லாம் போய் வேரைக் கிளறி, கூரனுக்கும் தனக்குமாக அரை வயிற்றை நிரப்பியது.

ஒரு நாள் வளை வாசலில் முயல் வந்து நின்றது. விலா எலும்பு தெரிந்தது. அதன் பின்னால் மூன்று குட்டிகள்தான் நின்றன.

"அக்கா, என் தினையெல்லாம் மரநாய் கொண்டுபோய்விட்டது. வெளியே சொல்ல வெட்கம். உங்களிடம் கிழங்கு இருக்குமே, இதுகளுக்குக் கொஞ்சம்..."

"என்னிடமும் இல்லை" என்றது முள்ளி. "அதே மரநாய்தான்."

"எப்போது, அக்கா?"

"நீ வந்து கேட்டதற்கு நான்கு நாள் முன்னால்."

முயல் முள்ளியையே பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு குட்டிகளை முன்னே விட்டு நடத்திக்கொண்டு போய்விட்டது. அப்புறம் அந்த வளைப் பக்கம் அது வரவேயில்லை.

நீதி: தான் ஏமாந்ததை மறைப்பவர், ஏமாற்றுகிறவனுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் திறந்துவிடுகிறார்.