முண்டாசும் கசப்புக் குளிகையும்

முன்னொரு காலத்திலே, மேகம் தரைக்கு இறங்கிவந்து தூங்கிவிட்டுப் போகிற நாடு ஒன்று இருந்தது. பேர் முகில்புரி. அங்கே ஏரி எது, வானம் எது என்று பரிசல் ஓட்டுகிறவர்களுக்கே குழம்பிப் போகும். அந்த ஏரியில் தாமரை பறித்து அரண்மனைக்குக் கொடுப்பவள் செங்கமலம். தனிக்கட்டை. வாய் கொஞ்சம் நீளம், மனசோ தங்கம்.

அந்த நாட்டில் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. ராஜாவின் வேட்டை நாய்க்குக் கால் ஒடிந்தாலோ, நோய் வந்தாலோ, ஏரிக்கு அக்கரையில் விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். அப்படி விட்ட கறுப்பு நாய் ஒன்று, ஒருநாள் செங்கமலத்தின் பரிசலில் ஏறி இலைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டது. பின்னங்கால் நொண்டி. காதில் புண். மூச்சு விட்டால் கொர்... கொர்... என்று இழுத்தது.

"இறங்குடா" என்றாள். இறங்கவில்லை.

"இறங்கறியா இல்லையா?" வால் மட்டும் ஆடியது.

"சரி, வந்து தொலை" என்று துடுப்பை எடுத்தாள்.

காதுப் புண்ணுக்குக் கட்டிய துணி தலைப்பாகை மாதிரி இருந்ததா, முண்டாசு என்றே பேர் வைத்துவிட்டாள். இளைப்புக்கு ஆடாதோடைக் குளிகை. அப்பப்பா, என்ன கசப்பு! கேழ்வரகுக் களி உருண்டைக்குள் ஒளித்துவைத்துக் கொடுப்பாள். முண்டாசு என்ன லேசுப்பட்ட ஆளா? முகர்ந்து, மூக்கால் புரட்டி, உருண்டையைப் பிளந்து, களியைத் தின்றுவிட்டுக் குளிகையை மட்டும் பத்திரமாக ஓரத்தில் வைத்துவிடும். "அடப் பாவி!" என்று மறுபடி உருட்டுவாள். மூச்சு இழுக்கும்போதெல்லாம் அதன் நெஞ்சைத் தடவி, "மூச்சு விடுடா ராசா, நான் இருக்கேன்" என்பாள். மூச்சும் மெல்ல வரும்.

ஏரி நடுவே ஒரு பளிங்கு மண்டபம். அதில் புகையாண்டி என்றொரு மந்திரவாதி. ஒருநாள் அவன் மூடுபனிமேல் நடந்து வந்தான்.

"இந்த நோஞ்சானை எனக்குக் கொடு. நோய் அண்டாத பொன் நாயாக்கி நானே வெச்சுக்கறேன்."

"போய்யா, உன் வேலையைப் பாரு" என்றாள் செங்கமலம்.

மழை தொடங்கியதும் மறுபடி வந்தான். மறுபடியும் அதே பதில்.

மூன்றாவது முறை வந்தபோது அவன் எதுவும் கேட்கவில்லை. சும்மா நின்றான். முண்டாசு அவள் மடியில் துவண்டு கிடந்தது. கொர்... என்ற சத்தம்கூட அடங்கிக்கொண்டே வந்தது. "மூச்சு விடுடா ராசா, நான் இருக்கேன்" என்று தடவினாள், தடவினாள். மூச்சு வரவில்லை.

"எடுத்துக்கய்யா" என்று அழுதாள். "என்னை மறந்துட்டாலும் பரவாயில்லை. எங்கேயாவது உயிரோட இருந்தாப் போதும்."

புகையாண்டி முண்டாசை வாரி எடுத்துக்கொண்டு சிரித்தான். "மண்டபத்துக்கு வா. என் பொன் நாய்க் கூட்டத்தில் உன் நாய் எது என்று காட்டு. சரியாகக் காட்டினால் கூட்டிக்கொண்டு போ. தப்பாகக் காட்டினால் நீ என் படித்துறைக் கல்!"

மண்டபம் நிறையப் பொன் நாய்கள். எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். "முண்டாசு!" என்றாள், எல்லா நாயும் குரைத்தது. காலைப் பார்த்தாள், எல்லாம் துள்ளி ஓடியது. காதைப் பார்த்தாள், ஒன்றிலும் தழும்பில்லை. "ஆச்சா?" என்று புகையாண்டி கொட்டாவி விட்டான்.

செங்கமலம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எல்லா நாயும் அவள் முகத்தையே பார்த்தன.

"இதுங்களுக்கு ஏதாவது சாப்பிடக் குடுத்தியாய்யா?"

"பொன்னுக்கு ஏது பசி?"

"நல்லா இருக்கே கதை!" என்று இடுப்பு மூட்டையை அவிழ்த்தாள். காலையில் கிண்டிய களி இருந்தது. குளிகை இல்லை. சின்னச் சின்னதாக உருட்டி ஒவ்வொன்றுக்கும் வைத்தாள். லபக், லபக் என்று எல்லாம் விழுங்கின.

ஒன்று மட்டும் விழுங்கவில்லை. முகர்ந்தது. மூக்கால் புரட்டியது. உருண்டையைப் பிளந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நிமிர்ந்து, 'எங்கே ஒளிச்சு வெச்சிருக்கே?' என்று அவளைச் சந்தேகமாகப் பார்த்தது.

"அடப் பாவி!" என்று பாய்ந்து கட்டிக்கொண்டாள். "இவன்தான்யா! இவன்தான் என் முண்டாசு!"

பளிங்கு மண்டபம் பனியாகக் கரைந்தது. பொன்னெல்லாம் உதிர்ந்தது. அக்கரையில் விட்ட நொண்டியும் குருடுமான நாய்கள்தான் ஏரி நடுத்திட்டில் நின்றன.

"பழைய நொண்டிக் கால், பழைய இளைப்பு எல்லாம் திரும்ப வருமே, பெண்ணே" என்றான் புகையாண்டி. அவன் முகம் செத்துக் கிடந்தது.

"உயிரு?"

"அது நீ ஜெயிச்சது. தொட முடியாது."

"அப்புறம் என்ன? மூச்சு இழுத்தா நான் பார்த்துக்கறேன்."

சேதி தெரிந்து ராஜா கரைக்கு வந்தார், தன் நாய்களைப் பார்த்தார், தலை குனிந்தார். அக்கரையில் விடுகிற வழக்கம் அன்றோடு ஒழிந்தது. வீட்டுக்கு வீடு ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு கிழட்டுக் குருட்டு நாய் மட்டும் போகமாட்டேன் என்று புகையாண்டியின் காலடியிலேயே படுத்துவிட்டது. அவனை அதுவரை யாரும் அப்படி விரும்பியதில்லை. மந்திரக்கோலைத் தூக்கி ஏரியில் போட்டுவிட்டு, அந்த நாய்க்கு ஒரு குடிசை கட்டினான்.

கொஞ்ச நாளில் செங்கமலத்தின் வாசலில் வந்து நின்றான். கையெல்லாம் களி.

"ஏம்மா, இந்த மருந்தை எப்படிம்மா முழுங்க வைக்கிறது?"

"வாய்யா, உட்காரு" என்று சிரித்தாள். "இப்படி நடுவுல வெச்சு, இறுக்கி உருட்டி, பேச்சுக் கொடுத்துக்கிட்டே நீட்டணும். பாரு, எங்க முண்டாசு சமர்த்தா சாப்பிட்டுட்டான்."

முண்டாசு நாக்கைச் சுழற்றிக்கொண்டு, கொர்... கொர்... என்று மூச்சு விட்டபடி அவள் மடியில் தலைவைத்தது. ஓரத்தில் குளிகை தனியாகக் கிடந்தது.

முகில்புரிப் பக்கம் நீங்கள் போனால், மேகம் தரையில் தூங்குகிற வேளையில் காது கொடுத்துக் கேளுங்கள். "அடப் பாவி!" என்று ரெண்டு குரல் கேட்கும்.