ஒன்பது ஜி.பி. காலி இடம்

நாகர்கோவிலில், தொலைந்த ஃபைல்களைப் பழைய ஹார்ட் டிஸ்குகளிலிருந்து மீட்டுக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. கடை நடத்திய ஜெசிந்தாவுக்கு வயது முப்பத்திரண்டு. அவளிடம் தொழில் படிக்க வந்த சிதம்பரதாணுவுக்கு ஐம்பத்தாறு, மில் ஆபீசில் விருப்ப ஓய்வு வாங்கியவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

சேர்ந்த அன்றைக்கே அவர் கேட்டார்.

"டீச்சர், மெஷின்ல எது குப்பை, எது சரக்குன்னு எப்படித் தெரியும்?"

"நேரம் வரட்டும், சொல்லுகேன்."

ஒன்றரை மாதமாகியும் அவள் சொல்லவில்லை. மனிதர் அதற்குள் தாமே ஒரு விடை கண்டுபிடித்துக்கொண்டார். எந்த மெஷின் வந்தாலும் முதல் வேலையாக டெம்ப் ஃபோல்டரைத் துடைத்துவிடுவார். வேலை நடக்கும்போது கம்ப்யூட்டர் தற்காலிகமாகப் போட்டுவைக்கும் ஃபைல்கள் சேருகிற இடம் அது. ரீசைக்கிள் பின்னில்கூடத் தங்காதபடி டெலீட்டோடு ஷிஃப்டையும் சேர்த்து அழுத்துவார். அத்தனை சுத்தம்.

ஒரு நாள் மத்தியானம் ஜெசிந்தா சாப்பிடப் போயிருந்தாள். கடற்கரை ஊரிலிருந்து அமலோற்பவம் என்ற பெண் பழைய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"பென்டிரைவுல காப்பி பண்ணப் போனா எரர் வருது சார். தற்காலிக ஃபைல் உண்டாக்க முடியல்லன்னு சொல்லுது."

"இடம் இல்ல, அவ்வளவுதான். இரிங்கம்மா."

துடைத்தார். ஒன்பது ஜி.பி. காலியானது. காப்பி ஆகிறதா என்று பார்க்க, தம்முடைய பென்டிரைவிலிருந்த நாதஸ்வரக் கச்சேரியை லேப்டாப்பில் ஏற்றினார். தடங்கலில்லாமல் ஏறியது. அவருக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப உங்க ஃபைல எடுங்க."

அவள் வேர்டைத் திறந்து, கடைசியாகத் திறந்தவை வரிசையில் முதலில் நின்ற பெயரைத் தொட்டாள். அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது.

"எங்க சேவ் பண்ணி வச்சிருந்தீங்க?"

"எங்கேயும் வைக்கல்ல சார். ஃபாதர் மெயில்ல அனுப்பின ஃபாரம். தொறந்து அதுலேயே எழுதுவேன், சேவ் பண்ணுவேன். மறுநாள் இங்க மேல நிக்கும்."

மெயிலிலிருந்து நேராகத் திறந்த ஃபைல் டெம்பில்தான் கிடக்கும். சிதம்பரதாணு துடைத்தது அதைத்தான்.

"அதுல என்னம்மா இருந்துது?"

"புயல்ல போன நாப்பத்தியொரு பேரு. கடலுக்கு எறங்கினப்ப ஒவ்வொருத்தனும் வீட்ல என்ன சொல்லிட்டுப் போனான்னு, அவனுக்க அம்மா சொன்னபடியே எழுதினது. ரெண்டு வருசம் வீடு வீடா நடந்தேன் சார். ஞாயித்துக்கெழம கோயில்ல வாசிக்கணும்."

ஜெசிந்தா திரும்பி வந்தபோது, எப்படியாவது மீட்டுவிடலாம் என்று அவர் அதே லேப்டாப்பில் வேறொரு சாஃப்ட்வேரை ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். நடந்ததை நாலு வார்த்தையில் சொன்னார். அவள் திட்டவில்லை. வயரைப் பிடுங்கி, பேட்டரியையும் உருவினாள். திரை அணைந்தது.

"கைய எடுங்க அண்ணாச்சி."

"ஏதாவது செய்யாண்டாமா டீச்சர்?"

"ஒண்ணும் செய்யாண்டாம். அழிச்சா வாசல்ல உள்ள பேரு மட்டுந்தான் போவும். வேற ஆளு குடி வாறது வரைக்கும் பழைய ஆளு உள்ளதான் இருப்பாரு."

"ஒரு கச்சேரி ஏத்திட்டேன்" என்றார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

டிஸ்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டி, அதில் ஒரு எழுத்தும் புதிதாக விழாதபடி, வாசிக்க மட்டும் வைத்தாள். மூன்று மணி நேரம் ஆனது. அமலோற்பவம் ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தாள். சிதம்பரதாணு தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

மீண்டு வந்த பக்கங்களை அமலோற்பவம் பேர் பேராக எண்ணினாள். நாற்பது.

"சூசை இல்ல" என்றாள்.

"அவங்க அம்மாட்ட இன்னொரு மட்டம் கேட்டுக்கிடலாம்லா?"

"போன மாசம் அடக்கம் பண்ணியாச்சு சார்."

"உங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள்.

"சோத்தப் பத்தி என்னமோ சொல்லிட்டுப் போனான். மூடி வைன்னு சொன்னானா, வைக்காண்டாம்னு சொன்னானா... வரமாட்டேங்குது."

ஜெசிந்தா டிஸ்கில் சூசையின் பக்கம் இருந்த இடத்தைத் திறந்து காட்டினாள். கச்சேரி ஃபைல்தான் அங்கே நிறைந்து கிடந்தது. சிதம்பரதாணு அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பினார்.

அமலோற்பவம் நாற்பது பேரையும் புதிய பென்டிரைவில் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, முகம் கழுவப் பின்பக்கம் போனாள்.

"டீச்சர், நான் ஏத்தின கச்சேரியையாவது அழிச்சிரட்டுமா?"

"எதுக்கு?"

"குப்பைதானே அது."

ஜெசிந்தா டிஸ்கைத் துணியில் சுற்றினாள்.

"அதுக்க அடியிலதான் சூசை கெடக்கான் அண்ணாச்சி."