நஸ்ரின் நிரப்பிய படிவம்

நாகர்கோவிலில், காதுக்கருவி பொருத்திய குழந்தைகளுக்குப் பேசக் கற்றுத்தரும் மையம் ஒன்று. கல்லூரியின் கடைசி ஆண்டில் நஸ்ரின் அங்கே சம்பளமில்லாப் பயிற்சிக்குப் போனாள். கல்லூரி விதித்தது ஒன்றுதான்: பயிற்சிக்கு வந்தவள் தனியாகப் பாடம் எடுக்கக் கூடாது, தேர்ந்தவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

அப்படிப் பக்கத்தில் இருந்தவள், மையத்தில் சம்பளத்துக்கு வேலைபார்த்த ஷைலஜா. அவள் பிரசவத்துக்குப் போனதும், மையத்தை நடத்தும் தேவதாஸ், "நீயே பாத்துக்க மக்களே, எல்லாம் படிப்புதானே" என்று அந்த நாற்காலியில் நஸ்ரினை உட்காரவைத்தார். ஆறு வாரம் ஓடியது. இடையில் அவள் காய்ச்சலில் படுத்த ஒருநாள், அறையைப் பூட்டி ஐந்து குழந்தைகளைத் திருப்பி அனுப்பினார்கள்.

நான்கு வயது ஆதவன்தான் வாயே திறக்காதவன். ஐந்தாம் வாரம் அவன் பந்தை நஸ்ரின் ஒளித்தபோது, "போடி!" என்றான். அவன் அம்மா பதறிப்போனாள். "ஐயோ மிஸ், தப்பா எடுத்துக்காதீங்க!"

நஸ்ரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "இன்னொரு தடவ திட்டச் சொல்லுங்கக்கா."

கடைசி வாரம், தேவதாஸ் ஷைலஜாவிடம் போனில் பேசியது நஸ்ரின் காதில் விழுந்தது. "நீ திரும்பி வரவேண்டாம்மா. அடுத்த பிள்ளை பயிற்சிக்கு வருது, அது பாத்துக்கும்."

அன்றே கல்லூரிப் படிவம் வந்தது. 'மேற்பார்வையாளர் உடனிருந்தாரா?' ஆம் என்றால் பட்டம் கையில். இல்லை என்றால் ஆறு வாரமும் செல்லாது. ஆனால் மேற்பார்வைக்கு ஆளில்லாத அந்த அறைக்குக் கல்லூரி இனி யாரையும் அனுப்பாது.

"பையன் பேசிட்டான்லா? இதவிட என்ன படிப்பு? ஆம்னு போடு" என்றார் தேவதாஸ்.

"ஆம்னே போடு பிள்ளே, உன் படிப்பு கெட வேண்டாம். நான் வேற எடம் பாத்துக்கிடுவேன்" என்றாள் ஷைலஜா போனில். பின்னால் குழந்தை அழுதது.

நஸ்ரின் 'இல்லை' என்று எழுதினாள்.

மூவரும் ஒவ்வொரு நியாயம் வைத்திருந்தார்கள். நீங்களே சொல்லுங்கள், யார் பக்கம் சரி?

விடை: நஸ்ரின் பக்கம். மாணவி ஒருநாள் வராவிட்டால் அவள் படிப்புதான் நிற்க வேண்டும். இங்கே ஐந்து குழந்தைகளின் பாடம் நின்றது. அதற்குப் பெயர் படிப்பா? வேலை! ஷைலஜா விட்டுக்கொடுத்தது அன்பினால்தான். ஆனால் அடுத்து வரும் பெண்ணுக்குப் பக்கத்தில் யார் உட்காருவது? மாணவிகள் வராமல் போகவே ஷைலஜாவைத் திரும்ப அழைத்தார்கள். நஸ்ரின் அதே அறையில் ஆறு வாரத்தை மறுபடி தொடங்கினாள். முதல் நாளே ஷைலஜாவிடம் திட்டு விழுந்தது. "கேள்வியும் நீயே கேட்டு பதிலும் நீயே சொன்னா பிள்ளை எப்ப பேசும்? வாய மூடிட்டுக் காத்திரு பிள்ளே." ஆறு வாரம் தனியாக இருந்தபோது அதைச் சொல்ல ஆளே இல்லை.