துரையை வென்ற ஒற்றைச் சொல்

முன்னொரு காலத்தில், பாய்மரம் தெரிகிறதென்றால் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டு ஊரே கடற்கரைக்கு ஓடிய அந்த நல்ல காலத்தில், பொன்னம்பலராயர் என்றொரு அரசர் இருந்தார். அவருடைய சபையில் விகடம் பேசியே தலை நரைத்தவன் கூத்தையன். அரசர் சிறு பிள்ளையாக மாமரம் ஏறிய நாளிலிருந்து கூடவே இருந்தவன். அரண்மனையை விட்டால் அவனுக்குப் போக்கிடம் கிடையாது.

அரசர் அவனோடு சேர்ந்து பழங்கதை பேசிச் சிரிப்பது பாஷை பெயர்த்துச் சொல்லும் துபாஷி வரதையனுக்குப் பிடிக்காது. நாட்டிலேயே இங்கிலீஷ் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

ஒருநாள் ஓர் இங்கிலீஷ் துரை கப்பலில் வந்து இறங்கினார். மறுநாள் சபைக்கு வருவதாகச் சொல்லியனுப்பினார். வரதையன் நேரம் பார்த்துக் கைகட்டி நின்றான்.

"மகாப்பிரபு! துரை பாஷை என்ன பெரிய பாஷை, நானே பேசிவிடுவேன் என்று கூத்தையர் மடைப்பள்ளியில் சொன்னாராம்."

சொன்னது வாஸ்தவம். சாப்பாட்டுக்கு நடுவே ஒரு சிரிப்புக்காகச் சொன்னது. ஆனால் அரசருக்கு அதைக் கேட்டதும் விபரீத ஆசை பிறந்துவிட்டது.

"அப்படியா கூத்தையா? நாளைக்கு நீயே பேசு. துபாஷி வாய் திறக்கக் கூடாது. துரையைப் பேச்சால் வெல்! வென்றால் பரிசு. துரை முகம் சுளித்தால் உனக்கு இந்த நாட்டில் இடமில்லை."

கூத்தையனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே ஒரு சொல். இந்த வயதில் யார் வாசலில் போய் நிற்பது?

மறுநாள் துரை வந்தார். அரசரைக் காட்டிப் பணிவாக ஏதோ கேட்டார். முதலில் நலம்தானே விசாரிப்பார்கள்?

"வெல்!" என்றான் கூத்தையன், முகம் மலர.

துரையும் மலர்ந்தார். வியர்வையைத் துடைத்துத் தொண்டையைத் தொட்டுக் காட்டினார். கூத்தையன் முற்றத்துக் கிணற்றைக் காட்டி, "வெல்!" என்று சொல்லிச் செம்பு நிறையத் தண்ணீர் வரவழைத்தான். குடித்து முடித்த துரை, தம் பெட்டியிலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே குட்டிப் பறவை கூவியது. "வெல்! வெல்!" என்று கூத்தையன் கைதட்டினான்.

பிறகு துரையின் குரல் மாறியது. துறைமுகம் இருக்கும் திசையைச் சுட்டி நீளமாகப் பேசினார். கூத்தையனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாடியை உருவிக்கொண்டு, கூரையைப் பார்த்து, "வெ...ல்..." என்று இழுத்தான்.

துரை நிறுத்தினார். யோசித்தார். குரலைத் தணித்துச் சுருக்கமாக வேறு ஏதோ சொன்னார். மறுபடியும், "வெ...ல்..." துரை பெருமூச்சு விட்டு, சிரித்து, எழுந்து கூத்தையன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இப்போது என்ன சொல்கிறார்? நீ சொல்!" என்றார் அரசர் வரதையனிடம்.

வரதையன் மென்று விழுங்கினான். "துறைமுகத்தில் தம் காவலாட்களை நிறுத்தக் கேட்டார், பிரபு. அந்த எண்ணத்தையே விட்டுவிட்டாராம். இவ்வளவு அளந்து பேசும் மந்திரியைத் தாம் கண்டதில்லையாம்."

துரை விடைபெற்றதும் வரதையன் குமுறினான். "அநியாயம்! இவர் பேசியது ஒரே சொல்!"

"அதற்கு என்ன பொருள்?"

"கிணறு, பிரபு."

"நலம் கேட்டதற்குக் கிணறு என்றா சொன்னான்?"

"நலம் என்றும் உண்டு."

"கடிகாரத்துக்கு?"

"நன்று என்றும் உண்டு. இழுத்துச் சொன்னால், பார்க்கலாம் என்றும்..." அவன் குரல் தேய்ந்தது.

கூத்தையன் வணங்கினான். "அரசே, தாங்கள் இட்ட கட்டளை 'வெல்' என்பது. அடியேன் ஓர் எழுத்துக் கூட்டவில்லை, குறைக்கவில்லை."

சபை கொல்லென்று சிரித்தது. அரசர் சிரிப்பு அடங்கியதும், "எங்கே கற்றாய் இதை?" என்றார்.

கூத்தையன் கடலிருக்கும் பக்கம் கையைக் காட்டினான்.

"அரண்மனைக்கு வருமுன், கடற்கரையில், அரசே. கப்பல் உடைந்து, காய்ச்சலோடு ஒதுங்கிய மாலுமி ஒருவனை என் தாய் குடிசைக்குள் கிடத்திக் கஞ்சி ஊற்றினாள். தண்ணீர் வேண்டுமென்றாலும் அவன் சொல்வது அதுதான். உடம்பு தேவலை என்றாலும் அதுதான். மீன்குழம்பு ருசித்தாலும் அதுதான். அடுத்த பருவத்துக் கப்பலில் ஏறியவன், கையை ஆட்டிக்கொண்டே அதையேதான் கத்தினான். எந்தப் பொருளில் சொன்னான் என்பது இன்றுவரை அடியேனுக்குத் தெரியாது."

"உன் தாய் என்ன சொன்னாள்?"

"கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளும் அதையேதான் சொன்னாள், அரசே. 'வெல்லுடா மகனே, வெல்லு!' என்று."

அரசர் மறுபடியும் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தையனுக்குப் போட்டார். அவன் நன்றி சொல்ல வாய் திறந்தான். அன்று முழுவதும் இல்லாத அதிசயமாக, அவனுக்கு ஒரு சொல்லும் வரவில்லை.